குடும்பக் குழு: ஞாயிறு காலை, திரிந்த மயோனைஸ்

கமலா அத்தை, 9:12
மயோனைஸ் திரிந்துவிட்டது! எண்ணெய் தனியாக மிதக்கிறது. பனங்குருத்து சாலட்டுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள்.

சிவா, 9:14
நளினி அக்காவைக் கேளுங்கள் அம்மா. எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைப்பதுதானே அவள் ஆராய்ச்சி.

நளினி, 9:20
கொட்டிவிடாதீர்கள் அத்தை. வேறு கிண்ணத்தில் புது மஞ்சள் கரு எடுத்து, திரிந்ததைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடியுங்கள். கருவிலுள்ள லெசித்தின் எண்ணெய்த் துளிகளைப் போர்த்திக்கொள்ளும்.
சிவா, சேர்ப்பது பாதி வேலைதான். கேட்டபோது பிரிய வைக்க வேண்டும்.

பெரியப்பா, மஹேபூர் (மொரிஷியஸ்), 9:23
இரண்டு முகத் துகள் என்றாயே, அதுவா?

நளினி, 9:29
அதேதான். ஜானஸ் துகள். ரோமானியரின் இருமுகக் கடவுள் பெயர். 1991இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் தம் நோபல் உரையில் பேசிய பிறகு அந்தப் பெயர் பரவியது. ஒரு பாதி எண்ணெயோடு ஒட்டும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், மறுபாதி தண்ணீரோடு ஒட்டும் சிலிக்கா, அதாவது மணலின் பொருள். அகலம் 200 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே நானூறு நிற்கும். எண்ணெய்த் துளியின் விளிம்பில் உட்கார்ந்தால் லேசில் எழாது.

கமலா அத்தை, 9:31
கல்யாணத் தரகர் என்று சொல். இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர்.

நளினி, 9:33
😂 சீர்வரிசைப் பேச்சு சூடானால் தரகர் ஒரு பக்கம் சாய்வார் அல்லவா? சிலிக்காவின் மேல் பாலிமர் என்ற நீள மூலக்கூறு இழைகளை நட்டிருக்கிறேன். 32 டிகிரியைத் தாண்டினால் அவை தண்ணீரை உதறிச் சுருண்டுவிடும். துகள் எல்லையில் நிற்காது. எண்ணெய் பிரிந்துவிடும்.

பெரியப்பா, 9:37
2020 ஆகஸ்டில் கடலில் எண்ணெய் கசிந்தபோது கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தைத்து மிதக்கவிட்டோம். ஒரு வாரம் கை நாற்றம் போகவில்லை. அப்போது இது இருந்திருந்தால்? நம் கடல் 32 டிகிரிக்குச் சூடாகாதே.

நளினி, 9:42
கடலில் தூவ அல்ல பெரியப்பா. கசிந்த எண்ணெய் அலையில் அடிபட்டால் தண்ணீரைக் குடித்துக் கூழாகிவிடும். அள்ளிய கூழில் பாதிக்கு மேல் தண்ணீராகவே இருப்பதும் உண்டு. தொட்டிக்குக் கொண்டுவந்த பிறகுதான் இதற்கு வேலை. இரும்பு ஆக்சைடு சேர்த்த துகளென்றால் எண்ணெய்த் துளிகளைக் காந்தத்தால் இழுக்கலாம். கழுவி மறுபடியும் பயன்படுத்தலாம். இப்போதைக்கு என் மேசைமேல் ஒரு குப்பி அளவுதான்.

பெரியப்பா, 9:43
குப்பிதானா!

கமலா அத்தை, 9:58
சேர்ந்துவிட்டது. கரண்டியைக் கவிழ்த்தாலும் விழவில்லை. அண்ணா, வரும்போது எலுமிச்சை வாங்கி வாருங்கள்.