அம்மாவின் இடுப்பெலும்பு ஆபரேஷன்: முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

மீனாட்சி:
அம்மாவுக்கு 78 வயது. நேற்று விடியற்காலை குளியலறையில் வழுக்கி விழுந்து இடது இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாளை மறுநாள் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தால் போதும் என்கிறார் எலும்பு டாக்டர். தம்பி ஒத்துக்கொள்ளவே இல்லை. சுத்தியல் சத்தம் காதில் விழுந்தால் அம்மா பயந்துவிடுவார், முழு மயக்கம்தான் வேண்டும் என்று நிற்கிறான். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செந்தில்:
அக்கா, முழு மயக்கம் மட்டும் வேண்டாம். என் அப்பாவுக்கு 74 வயதில் இதே ஆபரேஷன், முழு மயக்கத்தில் செய்தார்கள். அன்று ராத்திரி எழுந்து உட்கார்ந்து, "மாட்டை யாருடா அவிழ்த்துவிட்டது?" என்று கேட்டார். கையிலிருந்த டிரிப்ஸ் குழாயைக் கயிறு என்று நினைத்துக் கட்டில் கம்பியில் முடிச்சுப் போடப் பார்த்தார். எங்கள் வீட்டில் மாடு இல்லாமல் போய் இருபது வருஷம் ஆகிறது. நாலு நாளில் தெளிந்துவிட்டார், ஆனால் கணக்குவழக்கில் அவருக்கிருந்த கூர்மை திரும்பவே இல்லை.

ராஜேஸ்வரி:
செந்தில், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் என் மாமியாருக்கு முதுகில்தான் ஊசி போட்டார்கள். முறிந்த காலோடு உட்காரவைத்துக் குனியச் சொன்னபோது அவர் கத்தியது வெளியே நின்ற எங்களுக்கே கேட்டது. ஊசி போட்டதும் பிபி சரசரவென்று இறங்கி, வாந்தி வேறு. அவரும் இரண்டாம் நாள் ராத்திரி ஆள் தெரியாமல் பேசினார். முழு மயக்கம்தான் மூளையைக் கெடுக்கிறது என்றால் இவருக்கு ஏன் வந்தது?

கவிதா (மயக்க மருந்து டாக்டர்):
நீங்கள் இருவரும் பார்த்தது உண்மை. அதற்கு டெலிரியம் என்று பெயர். இடுப்பு முறிந்த வயதானவர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 50 வயதுக்கு மேற்பட்ட 1600 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு முதுகில் ஊசி, பாதிப் பேருக்கு முழு மயக்கம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. 60 நாள் கழித்து இறந்தவர்கள் அல்லது தானாகப் பத்தடி நடக்க முடியாதவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ 18 சதவீதம். டெலிரியம் இரு பக்கமும் சுமார் 20 சதவீதம்.

செந்தில்:
டாக்டர், அந்த ஆய்வைப் பற்றி நானும் படித்தேன். முதுகில் ஊசி போட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தூக்கம் வர மருந்தும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் எப்படி வித்தியாசம் தெரியும்?

கவிதா:
நல்ல கேள்வி. அந்தக் குறையை எங்கள் துறையிலேயே பலர் சொன்னார்கள். ஆனால் 2022இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வில் 65 வயது தாண்டிய 950 பேர். மரக்கும் ஊசி போட்டவர்களுக்குத் தூக்க மருந்தே கொடுக்கவில்லை. டெலிரியம் வந்தது அவர்களில் 6.2 சதவீதம், முழு மயக்கத்தில் 5.1 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. எலும்பு முறிந்த அதிர்ச்சி, ரத்த இழப்பு, அடங்காத வலி, தண்ணீர் குடிக்காமல் கிடப்பது, தூக்கம் கெடுவது, சிறுநீர்த் தொற்று, இவையெல்லாம் சேர்ந்துதான் மூளையைக் குழப்புகின்றன. மயக்க மருந்தை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கண்ணில் படாமல் போய்விடும்.

மீனாட்சி அம்மா, ஒன்று கேட்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க உங்கள் அம்மா ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா?

மீனாட்சி:
போன வருஷம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தினமும் போடுகிறார். விழுவதற்கு முந்தைய ராத்திரி வரைக்கும் போட்டார். படிவத்தைத் தம்பிதான் நிரப்பினான். சர்க்கரையும் பிபியும் மட்டும் எழுதியிருக்கிறான்.

கவிதா:
இப்போதே போய்ச் சொல்லுங்கள், காலை வரை வைக்காதீர்கள். ஆஸ்பிரின் மட்டும் என்றால் முதுகில் ஊசி போடத் தடையில்லை. குளோபிடோக்ரெல் வேறு. ஊசி போட்ட இடத்தில் உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்தினால் கால்கள் செயலிழக்கலாம். அது அபூர்வம்தான், ஆனால் அந்த ஆபத்துக்காகவே அந்த மாத்திரையை நிறுத்தி 5 முதல் 7 நாள் கழித்துத்தான் முதுகில் ஊசி போடுவது வழக்கம். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். அதை இதய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

செந்தில்:
அப்படியானால் ஒரு வாரம் பொறுத்து, முதுகிலேயே போட்டுவிடலாமே?

ராஜேஸ்வரி:
ஒரு வாரமா? என் மாமியாருக்கு ஆபரேஷன் நாலு நாள் தள்ளிப்போனது. பெட் பேன் வைக்க ஒவ்வொரு தடவை இடுப்பைத் தூக்கும்போதும் உயிர் போய் உயிர் வந்தது. மூன்றாம் நாளே முதுகில் புண் கண்டுவிட்டது.

கவிதா:
ராஜேஸ்வரி சொல்வதுதான் என் கவலையும். முதல் 48 மணி நேரத்துக்குள் செய்துவிடப் பார்க்க வேண்டும். படுக்கையிலேயே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். உங்கள் அம்மா விஷயத்தில் முழு மயக்கம் கொடுத்துச் சீக்கிரம் செய்வதே மேல் என்று அங்குள்ள டாக்டர் சொன்னால் பயப்படாதீர்கள். தொடை நரம்புக்கு மரக்கும் ஊசி போட முடியுமா என்றும் கேளுங்கள். அது முதுகு ஊசி போல ஆழமாக இல்லை, மேலோட்டமாகப் போடுவது, ரத்தம் கட்டும் ஆபத்து குறைவு. அதனால் வலி குறைந்தால், பின்னால் கொடுக்கும் வலி மருந்தும் குறையும்.

செந்தில்:
மூளை அலையைப் பார்த்து மருந்தின் அளவைக் குறைக்கும் கருவி இருக்கிறதாமே, அதையாவது வைக்கச் சொல்லுங்கள்.

கவிதா:
கேட்கலாம். அதனால் டெலிரியம் குறைகிறது என்று சில ஆய்வுகளும் குறையவில்லை என்று சிலவும் சொல்கின்றன. நான் அதைவிட நம்புவது கண்ணாடியையும் காது மெஷினையும். கண் விழிக்கும்போது இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தூங்கட்டும் என்று தூக்க மாத்திரை கேட்காதீர்கள், அது குழப்பத்தைக் கூட்டும். மறுநாளே எழுப்பி உட்காரவைக்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்கப் பட்டினி போடவும் வேண்டாம். சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி விட்டால் பொதுவாகப் போதும், அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனாட்சி:
பேசிவிட்டேன். மயக்க மருந்து டாக்டர் மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் முதுகு ஊசி வேண்டாம் என்றுவிட்டார். நாளைக் காலை 8 மணிக்கு முழு மயக்கம், கூடவே தொடையில் ஊசி. காலை 6 மணி வரை தண்ணீர் கொடுக்கலாம் என்றார். தம்பி வாயே திறக்கவில்லை, தன் தவறு என்று உட்கார்ந்திருக்கிறான். காது மெஷினுக்குப் புது பேட்டரி வாங்கி வந்தது அவன்தான். முதல் ராத்திரி நான் கூட இருப்பேன், அடுத்த ராத்திரி அவன்.

செந்தில்:
அம்மா நல்லபடியாக வரட்டும் அக்கா. மாத்திரைத் தடை இல்லாதவர்களுக்கு முதுகு ஊசிதான் நல்லது என்ற என் எண்ணம் இன்னும் மாறவில்லை, அதை வேறொரு நாள் பேசுவோம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்று ராத்திரி அப்பாவிடம் "மாடே இல்லையப்பா" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம்தான் ஏறியது. கடைசியில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டியாச்சு, தண்ணியும் காட்டியாச்சு, படுங்க" என்றார். அதற்கப்புறம்தான் அப்பா கண்ணை மூடினார்.