குடும்பக் கதைக்குள் ஒரு கொலை: மருமகளும் இன்ஸ்பெக்டரும் சீரியல் ஆட்களாகவே தெரிகிறார்கள்

கிணற்றடி (கேள்வி)

நாவலின் இரண்டாவது வரைவில் நிற்கிறேன். களம் கோபிசெட்டிபாளையம் பக்கம், 2023. எண்பது வயதுப் பெரியவர் காலையில் கிணற்றில் பிணமாக மிதக்கிறார். மனைவிக்கு 74 வயது. 1986இல் கல்யாணமாகிக் கோவை போன மகள்தான் மூத்தவர். அடுத்து இரண்டு மகன்கள். சின்னவரின் மனைவி சுமதி. நிலம் எட்டு ஏக்கர். ஆறு பூர்வீகம், இரண்டு பெரியவர் சம்பாத்தியம். தள்ளிவிட்டது பெரிய மகன். சந்தேகம் முதலில் சுமதி மேல் விழ வேண்டும். படித்தவர்கள் சொன்ன குறைகள்: சுமதி வந்தாலே பின்னணி இசை கேட்கிறது, இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிகிறது, பெரிய மகன் கடைசியில் நான்கு பக்கத்துக்கு ஒப்புக்கொள்வதை நம்ப முடியவில்லை. எங்கே கை வைப்பது?

மூலப்பத்திரம்

முதலில் பத்திரங்களை எழுதி முடியுங்கள். சொத்து யாருக்கு எந்தக் காகிதத்தின் வழியாகப் போகிறது என்பது தெரியாமல் "சொத்துக்காகக் கொன்றான்" என்றால் அது வெறும் வசனம்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி, கொலை செய்தவருக்குக் கொலையுண்டவரின் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. ஆகவே நிலத்துக்காகச் செய்பவனுக்கு அப்பா சாவது மட்டும் போதாது. அது தவறி விழுந்த சாவாகவே கணக்கில் ஏற வேண்டும். உங்கள் ஆள் இதை அறிந்தவனா, அறியாதவனா? அறிந்தவன் என்றால் சுமதி மேல் கொலைப்பழி போட அவனே முந்த மாட்டான். கொலை என்ற பேச்சு எழுவதே அவனுக்கு ஆபத்து. பழி சுமதி மேல் விழும்போது அவளுக்காகப் பரிந்து பேசுகிற ஒரே ஆள் அவனாக இருக்கலாம்.

அடுத்தது காலம். உயிலைப் பெரியவர் சாகும்வரை மாற்றலாம். தான செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம்) பதிவாகிவிட்டால் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவில் ஒரு வழி உண்டு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்தால், பராமரிக்காதபோது தீர்ப்பாயத்தில் முறையிடலாம். உயில் பெரிய மகன் பேரில் இருந்து, பெரியவர் மாற்றப் போகிறார் என்றால் அவனுக்கு அவசரம் வந்துவிட்டது. ஏற்கெனவே நிபந்தனையில்லாமல் அவன் பேரில் செட்டில்மெண்ட் ஆகியிருந்தால் கொல்லக் காரணமே இல்லை.

யாருக்கு எப்போது தெரியும் என்பதையும் இதே காகிதங்கள் தீர்மானிக்கும். செட்டில்மெண்ட் வில்லங்கச் சான்றில் வரும், சின்னவர் ஆன்லைனிலேயே பார்க்கலாம். உயில் அதில் வராது.

மகளை மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டின் 1989 சட்டத் திருத்தத்தில், 25.3.1989க்கு முன் திருமணமான பெண்களுக்குப் பூர்வீகத்தில் பங்கு வரவில்லை. 9.9.2005 மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் தந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 20.12.2004க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது கலையாது; இல்லை என்றால் "ஒரு கையெழுத்துதானக்கா" என்று, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தோடு தம்பி வந்து நிற்பான். பங்கே இல்லை என்று பல வருஷம் பழகிய பெண், இருக்கிறது என்று தெரிந்த பிறகு பொறந்த வீட்டுக்கு எப்படி வருகிறாள், எங்கே உட்காருகிறாள் என்பதிலேயே ஒரு அத்தியாயம் கிடைக்கும்.

பாரா டூட்டி

இன்ஸ்பெக்டரின் கோளாறு எளிது. அவருக்கு வேறு வேலையே இல்லை. பந்தோபஸ்து, கோர்ட் வாய்தா, மனு விசாரணை, மேலதிகாரி போன் எல்லாம் எங்கே?

கிணற்றில் பிணம் என்றால் முதலில் வருவது பெரும்பாலும் எஸ்.ஐ.யும் ஒரு ஏட்டும்தான். கதை 2023 என்பதால் பழைய சட்டம்: சந்தேக மரணம், குற்ற விசாரணை முறைச் சட்டம் (கு.வி.மு.ச.) 174. பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு கொலை என்று தெரிந்தால் இந்திய தண்டனைச் சட்டம் 302க்குப் பிரிவை மாற்றி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை போகும். இன்ஸ்பெக்டர் முழுசாக உள்ளே வருவதே அப்போதுதான். (1.7.2024க்குப் பிறகு நடக்கிற கதை என்றால் புதிய சட்டங்கள்: 174க்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். 194, 302க்குப் பதில் பி.என்.எஸ். 103.) இந்த இடைவெளியில் கிணற்றடியை ஊரே மிதித்திருக்கும், பந்தல் போட்டிருப்பார்கள், எரித்தும் முடித்திருப்பார்கள். அவர் தாமதமாக வந்தவர். அதை மறைக்கிற எரிச்சலை அவருக்குக் கொடுங்கள்.

போலீஸிடம் தரும் ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது (அன்றைய சாட்சியச் சட்டம் 25). அதன் மூலம் கண்டெடுத்த பொருள் தொடர்பான பகுதி மட்டும் 27இன் கீழ் நிற்கும். அதனால்தான் வி.ஏ.ஓ.வைக் கூட்டிவந்து மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதற்கான குறிப்பில்) சாட்சிக் கையெழுத்து வாங்குகிறார்கள். இன்ஸ்பெக்டருக்கு வேண்டியது நான்கு பக்க அழுகை இல்லை, "டார்ச்சை எங்கப்பா போட்ட?" என்ற கேள்விக்குப் பதில். அந்தக் காட்சியை ஒரு பக்கத்தில் முடிக்கலாம். ரிமாண்ட் செய்த நாளிலிருந்து 90 நாளில் குற்றப்பத்திரிகை போகாவிட்டால் ஜாமீன், அந்த நெருக்கடியும் அவர் பேச்சில் தெரியட்டும்.

இன்னொன்று: அன்றைய கு.வி.மு.ச. 160ஆவது பிரிவுப்படி பெண்களையும் 65 வயது தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது; அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். நடைமுறையில் மீறுவது உண்டு. மீறினால், தெரிந்தே மீறுகிறார் என்பது வாசகனுக்குப் புரிய வேண்டும்.

அடுக்களை அரசியல்

மேலே இருவரும் சொன்னதில் பாதியைக் கதையில் எழுதாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தால் போதும். பிரிவு எண்ணை மாமியார் வாயில் வைத்த கணமே கதை செத்தது.

சுமதிக்கு வருவோம். அவள் கெட்டவளாகத் தெரியவேண்டும் என்று நீங்கள் துடிப்பதுதான் சீரியல். அவளுக்கு நியாயமான வேறொரு ரகசியம் வேண்டும்: அண்ணன் மருத்துவச் செலவுக்கு ஆறு பவுன் அடகில் இருக்கிறது, வட்டியை மகளிர் குழுப் பணத்தில் கட்டுகிறாள். இது வெளியே வராமலிருக்க அன்றிரவு எங்கே இருந்தாள் என்பதில் ஒரு மணி நேரத்தை மாற்றிச் சொல்கிறாள். பொய் உண்மையானது, காரணம்தான் வேறு. சந்தேகம் தானாகவே விழும், நீங்கள் முறைக்க வைக்க வேண்டியதில்லை.

வசனத்துக்கு ஒரு சோதனை: பேசுபவர் பெயர்களை மறைத்துவிட்டுப் படியுங்கள், யார் என்று தெரிய வேண்டும். கொங்கு வீட்டில் சுமதி மாமியாரிடம் "மாமா எட்டு மணிக்கே சாப்ட்டுட்டாருங்க அத்தை" என்பாள். கணவனின் அண்ணனிடம் நேரே பேசுவதையே தவிர்ப்பாள், குழந்தையை விட்டுச் சொல்லச் சொல்வாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் அவரிடம் நேராகப் பேசினால் கத்தவே வேண்டாம், வாசகன் நிமிர்ந்து உட்காருவான்.

கொலைகாரனை ஒளிப்பது: அன்றிரவுக்குப் பின் பெரிய மகனின் மனசுக்குள் போகாதீர்கள். உள்ளே போய்விட்டுக் கொலையை மட்டும் நினைக்காமல் இருக்கச் செய்வது ஏமாற்று, கடைசியில் வாசகன் திட்டுவான். அவனை வெளியிலிருந்து, வேலையோடு காட்டுங்கள். சாவு வீட்டில் சாமியானாக்காரரோடு பேரம் பேசட்டும். தடயத்தைத் தனியாக மின்ன விடாமல் சாதாரணப் பேச்சுக்கு நடுவில் புதையுங்கள். "மோட்டார் போடப் போயிருப்பார்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் அன்று ராத்திரி வந்ததா என்று ஐம்பது பக்கம் கழித்து யாராவது கேட்டால் போதும். தோட்டத்தில், மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் இந்தத் தடயம் நிற்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிணற்றடி

வீட்டிலேயே விசாரணை என்றால் மாமியார் கதவோரம் நிற்பாரே. சுமதி எப்படி அடகைப் பற்றி வாய் திறப்பாள்?

அடுக்களை அரசியல்

திறக்க மாட்டாள். முதல் தடவை பொய்தான் சொல்ல வேண்டும். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள், திரும்பி வரமாட்டாள்.

பாரா டூட்டி

கூட வந்த பெண் ஏட்டு தண்ணீர் கேட்டுப் பின்கட்டுக்குப் போகட்டும். வெறும் கழுத்தையும் மஞ்சள் கயிற்றையும் அவர் கவனித்தால் போதும், மறுநாள் அடகுக்கடை ரசீதைத் தேடிப் போவார்கள். அடகு மாமியாருக்கும் முன்பே தெரியும் என்று வைத்தால் இன்னும் நல்லது. இன்ஸ்பெக்டர் சுமதியைச் சந்தேகிக்கிற அந்தப் பத்துப் பக்கமும் அந்தம்மா வாயைத் திறக்காமல் இருந்தது ஏன் என்று வாசகன் யோசிப்பான்.