ஆங்குலர் மரப் பட்டியலில் முதல் நிலைக்குக் கீழே எதுவும் வரவில்லை

கேள்வி:
வணக்கம். ஆங்குலரில் (இணையச் செயலி எழுதும் ஃபிரேம்வொர்க்) கடையின் பொருள் வகைகளை மர வடிவில் காட்ட வேண்டும்: மளிகை, அதற்குள் பருப்பு, அதற்குள் துவரை, உளுந்து. எத்தனை நிலை போகும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் ஒரே என்ஜி-டெம்ப்ளேட்டை (திரைத் துண்டின் அச்சு) எழுதி, அந்த அச்சைத் திரையில் வரையும் என்ஜிடெம்ப்ளேட்அவுட்லெட் மூலம் அதற்குள்ளிருந்தே அதை மறுபடி அழைக்கிறேன். முதல் நிலை சரியாக வருகிறது, கீழே வெறும் யுஎல் (பட்டியலுக்கான எச்டிஎம்எல் டேக்) மட்டும்தான். கன்சோலில் பிழையும் இல்லை. தரவில் ஒவ்வொரு நோடுக்கும் (மரத்தின் ஒரு வகை) உரிய சில்ட்ரன், அதாவது உட்பிரிவுகள், எல்லாம் இருக்கிறது. பட்டியலைப் பெற டெம்ப்ளேட்டில் லெட்-லிஸ்ட் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வெளியே கான்டெக்ஸ்டில் (டெம்ப்ளேட்டுக்கு அனுப்பும் மதிப்புகள்) டாலர்-இம்ப்ளிசிட் என்ற இயல்புப் பெயரில் பட்டியலைக் கொடுக்கிறேன். உள்ளே லிஸ்ட் என்ற பெயரில் நோடின் சில்ட்ரனைக் கொடுக்கிறேன்.

பதில்:
கடைசி வரியில்தான் விஷயம். லெட்-லிஸ்ட் என்று மதிப்பில்லாமல் எழுதினால் ஆங்குலர் டாலர்-இம்ப்ளிசிட்டில் இருப்பதைத்தான் எடுக்கும், லிஸ்ட் என்ற பெயரைத் தேடாது. அதனால் இரண்டாம் நிலையில் அன்டிஃபைண்ட் (மதிப்பே இல்லை) வருகிறது. பட்டியலை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் என்ஜிஃபார் அதைக் காலிப் பட்டியலாக எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றுவிடும், பிழை வராததற்கு அதுதான் காரணம். உள்ளேயும் டாலர்-இம்ப்ளிசிட் என்றே கொடுங்கள். அப்புறம், சில்ட்ரன் இருந்தால் மட்டும் அவுட்லெட்டை அழைக்கும்படி ஒரு என்ஜிஇஃப் (நிபந்தனை) போடுங்கள். இல்லாவிட்டால் கடைசி நிலைக்குக் கீழும் காலி யுஎல் நிற்கும்.

கேட்டவர்:
எல்லா நிலையும் வந்துவிட்டது, ரொம்ப நன்றி அண்ணா. இன்னொரு சந்தேகம். திறந்திருக்கிறதா என்பதை நோடிலேயே ஓபன் என்று வைத்திருக்கிறேன். ஒரு வகையைத் திருத்திச் சேமித்ததும் சர்வரிலிருந்து பட்டியலை மீண்டும் எடுக்கிறேன், உடனே எல்லாக் கிளைகளும் மூடிக்கொள்கின்றன. ட்ராக்பை (எந்த வரி எது என்று என்ஜிஃபாருக்கு அடையாளம் சொல்வது) போட்டால் போதுமா?

பதில்:
போதாது. ஐடியை வைத்து ட்ராக்பை போட்டால் திரையில் உள்ள எல்ஐ (பட்டியலின் ஒரு வரி) அப்படியே இருக்கும், ஆனால் புதிதாக வந்த ஆப்ஜெக்டில் ஓபன் இல்லையே. திறந்த நோடுகளின் ஐடிகளை காம்போனென்ட்டில் (அந்தத் திரைப் பகுதியின் நிரல்) தனியாக ஒரு செட்டில் (ஒரே மதிப்பு இருமுறை வராத தொகுப்பு) வைத்து, டெம்ப்ளேட்டில் அந்த செட்டைக் கேளுங்கள். சர்வர் தரவோடு திரையின் நிலையைக் கலக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ட்ராக்பையும் வேண்டும். அது இல்லாவிட்டால் எல்லா எல்ஐயும் அழிந்து புதிதாகப் பிறக்கும், கீபோர்டில் நகர்பவருக்கு ஃபோகஸ் பறிபோகும். ஆங்குலர் 17-இல் வந்த புதிய ஃபார் பிளாக்கில் ட்ராக் கட்டாயம்.

செட்டை சிக்னலில் (மதிப்பு மாறினால் திரைக்குத் தெரிவிக்கும் ஆங்குலர் வசதி) வைத்தால் பழைய செட்டிலேயே சேர்க்காமல், நகலெடுத்துப் புதிய செட்டைக் கொடுங்கள். அதே செட்டைத் திருப்பிக் கொடுத்தால் எதுவும் மாறவில்லை என்று சிக்னல் திரைக்குத் தெரிவிக்காமல் விட்டுவிடும்.