இன்டிசைனில் மாறும் படங்கள் பிடிஎப்பில் இயங்கவில்லை

கேள்வி:
வணக்கம். சிறுவர்களுக்காகப் பறவைகளைப் பற்றிய மின்னூல் ஒன்றை அடோபி இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்கி வருகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் தொட்டால் ஒலிக்கும் பறவைக் குரலையும், 'ஆப்ஜெக்ட் ஸ்டேட்ஸ்' பலகத்தின் வழியே ஒன்றன்பின் ஒன்றாக மாறும் மூன்று படங்களையும் சேர்த்திருக்கிறேன். தொட்டால் இயங்கும் ஊடாட்டப் பிடிஎப்பாக ஏற்றுமதி செய்தபின் முதல் படம் மட்டுமே தெரிகிறது. எங்கே தவறினேன் என்று விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
உங்கள் அமைப்பில் தவறில்லை. இப்படி மாறும் படங்கள், அதாவது பல நிலைகள் கொண்ட பொருள், பிடிஎப்பில் இயங்காது, பக்க அமைப்பு மாறாத இபப் (EPUB) என்னும் மின்னூல் கோப்பில் இயங்கும். பிடிஎப்தான் தேவை என்றால், மூன்று படங்களையும் தனித்தனிப் பொத்தான்களாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டாவதையும் மூன்றாவதையும் தொடக்கத்தில் மறைந்திருக்கும்படி வைத்து, ஒவ்வொன்றையும் தொடும்போது அடுத்தது தோன்றித் தான் மறையும் செயலைக் கொடுங்கள். பொத்தான்களுக்கு மறவாமல் பெயரிடுங்கள். இருபது பக்கங்களுக்குப் பிறகு 'பட்டன் 47' எது என்று தேடுவது பெரும் துன்பம்.

மறுமொழி 2:
சிறுவர்கள் கைபேசியில் படிப்பார்கள் என்றால் இபப் வடிவத்தையே பரிந்துரைப்பேன், ஏனெனில் கைபேசியின் பிடிஎப் செயலிகள் பலவற்றில் ஒலி இயங்குவதில்லை. ஒலியை எம்பி3 ஆகவும், காணொளி சேர்த்தால் அதை எச்.264 என்னும் சுருக்க முறையில் அமைந்த எம்பி4 ஆகவும் வையுங்கள். படச் சட்டங்களின் கோடு, நிழல், மூலை வளைவு ஆகியவற்றை ஒரே 'ஆப்ஜெக்ட் ஸ்டைல்' ஆகச் சேமித்தால், பின்னர் ஓரிடத்தில் திருத்தினாலே நூல் முழுவதும் மாறும். தமிழ் எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறித் தோன்றினால், பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி' கம்போசர் என்னும் எழுத்தடுக்கு முறையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பொத்தான் முறையில் ஒரு பக்கத்தைச் செய்து பார்த்தேன், படங்கள் மாறுகின்றன. ஆயினும் குரலுக்காக இபப் வடிவத்திற்கே மாறுகிறேன்.