புதுப்பிப்பு: டொயோட்டா அக்சியோ காரின் ஒயில் கசிவு நின்றது

வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் நானே ஒயில் மாற்றியபின் சம்ப் நட்டில் (எஞ்சினுக்கு அடியில் ஒயிலை இறக்கத் திறக்கும் நட்டு) சொட்டுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, அது சரியாகிவிட்டது. நட்டோடு சேர்ந்து கசிவை அடைக்கும் வளையமான வொஷர்தான் காரணம். பழசு நசுங்கித் தகடாகிக் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு நட்டை எவ்வளவு இறுக்கினாலும் திரேட்தான் (நட்டின் புரி) போகும். வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் புதிது வாங்கினேன், தேநீர்க் காசுதான். ஒயிலைச் சுத்தமான தட்டில் இறக்கி, 14 சாவியால் நட்டை மாட்டி, அதையே திரும்ப ஊற்றினேன். முற்றம் காய்ந்தே கிடக்கிறது.

ஒயிலை வடிகட்டும் பில்டரைச் சாவி போட்டு இறுக்கச் சொன்னவர்களுக்கு: வேண்டாம். ரப்பர் வளையத்தில் ஒயில் தடவி, அது தொட்டபின் கையால் முக்கால் சுற்று, அவ்வளவுதான்.

அப்புறம், முன்பு ஒயில் மாற்றியபோது இறக்கிய கழிவு ஒயிலைப் பக்கத்து கராஜ் அண்ணா வாங்கிக்கொண்டார். தயவுசெய்து கானில் (வடிகாலில்) ஊற்றாதீர்கள், மழை பெய்தால் நேரே கடலுக்குத்தான் போகும்.