ஓரியனும் லென்ஸ் மூடியும்: எங்கள் குடும்பக் குழுவில்

வெள்ளி இரவு

நான்: [படம்] சின்ன மாமா, ஓரியன் நெபுலா எடுத்தேன், ஓரியன் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் வாயு மேகம். 200 மி.மீ. லென்ஸ், 30 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600. ட்ரைபாடை யாரும் தொடவே இல்லை. நட்சத்திரமெல்லாம் ஏன் இப்படிக் கோடாக வந்தது?

அக்கா: மண்புழுக் கூட்டம் மாதிரி இருக்கிறதே டா 😂

சின்ன மாமா: ட்ரைபாட் அசையவில்லை, பூமி சுற்றிவிட்டது. நிலா தன் அகலம் அளவு வானத்தில் நகர 2 நிமிடம்தான் ஆகும். ஓரியன் பக்கத்து நட்சத்திரங்களுக்கும் கிட்டத்தட்ட அதே வேகம். 30 நொடியில் நிலாவில் கால்வாசி தூரம் இழுத்திருக்கிறது. உன் கேமராவில் அது நூறு பிக்சலுக்கு மேல்.

நான்: 500 விதி என்று ஒன்று படித்தேன், நட்சத்திரம் கோடாகாமல் எத்தனை நொடி திறந்து வைக்கலாம் என்று சொல்வது. 500-ஐ 200-ஆல் வகுத்தால் இரண்டரை நொடி. சரியா?

சின்ன மாமா: உன்னுடையது க்ராப் சென்சார், முழு ஃப்ரேம் சென்சாரைவிடச் சிறியது. 200-ஐ 1.5-ஆல் பெருக்கு, 300 வரும். அப்புறம் அந்த 500 ரொம்பத் தாராளமான கணக்கு. 24 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கினால் கோடு தெரியும். நான் 500-க்குப் பதில் 300 வைத்துத்தான் வகுப்பேன்.

நான்: அப்படியானால் 1 நொடி! அதில் என்ன மாமா தெரியும்?

சின்ன மாமா: ஒரு படத்தில் ஒன்றும் தெரியாது. ஆயிரம் எடு. 100 படத்தை மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நெபுலாவின் ஒளி 100 மடங்கு சேரும், இரைச்சல் (படத்தில் புள்ளி புள்ளியாக வரும் மாசு) 10 மடங்குதான் கூடும். அவ்வளவுதான் சூட்சுமம். ரா ஃபைலாக (சென்சார் பதிந்தது அப்படியே) எடு, ஜேபெக் வேண்டாம். ஃபோகஸுக்கு ரைஜல் நட்சத்திரத்தை லைவ் வியூவில், அதாவது கேமரா திரையில், பெரிதாக்கி, புள்ளி எப்போது மிகச் சிறிதாகிறதோ அங்கே நிறுத்து. ஃபோகஸ் வளையம் நகராமல் டேப் ஒட்டிவிடு. இல்லையென்றால் 50 மி.மீ. லென்ஸை மாட்டு, 4 நொடி வரை போகலாம். முதல் தடவைக்கு அதுதான் நல்லது.

நான்: 200-லேயே முயற்சி செய்கிறேன்.

அத்தை: யார் பிடிவாதம் இது, தாய்மாமன் பிடிவாதம் அப்படியே!

சனி இரவு

நான்: மாமா, இன்டர்வெலோமீட்டரில் (தானாகப் படமெடுக்க வைக்கும் டைமர்) 1,200 படம் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தால், கடைசிப் படங்களில் ஓரியனே இல்லை 😭

சின்ன மாமா: வானம் மணிக்கு 15 டிகிரி நகரும். 20 நிமிடத்தில் 5 டிகிரி. உன் ஃப்ரேமின் நீளமே 7 டிகிரிகூட வராது, நடுவில் வைத்தால் நிற்குமா? கிழக்கு ஓரத்தில் வைத்து ஆரம்பி, தானாக நடுவைக் கடந்து மேற்கே போகும். ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து திருப்பி வை. வானத்தோடு சேர்ந்து திரும்பும் மவுண்ட் இல்லாதவனுக்கு மோட்டார் அவன் கைதான்.

அத்தை: இவரும் இப்படித்தான், பனியில் நின்று நின்று தும்மல்.

சின்ன மாமா: கடைசியில் லென்ஸை மூடியால் மூடி, அதே 1 நொடி, அதே ஐஎஸ்ஓ, 30 படம் எடு.

அக்கா: மூடியைப் போட்டுக்கொண்டு படமா??

சின்ன மாமா: டார்க் ஃப்ரேம். சென்சாரில் சில பிக்சல் சும்மாவே எரியும். அவை ஒரே இடத்தில் நிற்கும், நட்சத்திரமோ நகரும். மென்பொருள் நட்சத்திரங்களைப் பொருத்தும்போது அந்தப் பிக்சல்கள் கோடு கோடாகிவிடும். டார்க்கைக் கழித்தால் போய்விடும். குளிர் மாறுவதற்குள் அங்கேயே எடுத்துவிடு.

ஞாயிறு இரவு

நான்: சிரில் மென்பொருளில் போட்டு 900 படம் அடுக்கினேன். மொத்தம் 15 நிமிட ஒளி. ஆனால் திரை ஒரே கருப்பு. வீணாகிவிட்டதா?

சின்ன மாமா: கருப்பாகத்தான் இருக்கும். எல்லாம் ஹிஸ்டோகிராமின், அதாவது வெளிச்ச வரைபடத்தின், இருண்ட இடது ஓரத்தில் ஒளிந்திருக்கிறது. ஸ்ட்ரெட்ச் செய், மங்கிய ஒளியை இழுத்துப் பிரகாசமாக்கு. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே இழுவையில் வேண்டாம்.

நான்: [படம்]

அக்கா: டேய்! சிறகு விரித்த மாதிரி இருக்கிறது!

அத்தை: இது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

சின்ன மாமா: சுமார் 1,300 ஒளியாண்டு. டேய், நடுப்பகுதி வெளுத்துப்போகாமல் தெரிகிறது பார். 30 நொடி திறந்திருந்தால் அது வெள்ளைத் திட்டாகத்தான் ஆகியிருக்கும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் எடுக்கவில்லையா? பக்கத்தில்தானே இருந்தது.

நான்: எடுத்தேன் மாமா. 200 படம். டார்க் எடுத்தபின் மூடியைக் கழற்ற மறந்துவிட்டேன்.

சின்ன மாமா: நல்லது, 230 டார்க் இருக்கிறது உன்னிடம்.