புதுப்பிப்பு: 40 நாள் பூட்டிக் கிடந்த வீடு

புனேயில் உள்ள மகன் வீட்டுக்கு 40 நாள் செல்லவிருந்தபோது, மதுரை வீட்டை எப்படிப் பாதுகாப்பது என்று முன்பு இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். சென்ற வாரம் திரும்பினோம். வைத்தது வைத்தபடியே இருந்தது.

நீங்கள் சொன்னபடி நகைகளை வங்கி லாக்கரில் வைத்து, நாளிதழையும் பாலையும் நிறுத்தி, காவல் நிலையத்தில் பயண நாள்களையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். ரோந்துக் காவலர் இருமுறை வந்து பார்த்ததாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

நான் பெரிதும் நம்பிய கண்காணிப்புக் கேமராதான் கைவிட்டது. அதற்காகவே மெயின் சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்தும், 12-ஆம் நாள் மின்வெட்டுக்குப் பின், அதற்கு இணைய இணைப்புத் தரும் ரவுட்டர் உயிர்பெறவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட உள்ளே ஆளில்லை.

உண்மையில் வீட்டைக் காத்தது அந்த அக்காவின் கோலம் என்பேன். தினமும் தம் வாசலோடு எங்கள் வாசலையும் தெளித்துச் சிறு கோலம் ஒன்றை இழுத்துவிட்டு, கிரில் கம்பிகளில் செருகியிருக்கும் நோட்டீசுகளையும் உருவி எடுத்திருக்கிறார். அவை ஒரு வாரம் சேர்ந்தாலே ஆளில்லை என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். பூட்டையும் வெளியே தெரியாதபடி கிரில்லின் உட்புறமாகவே போட்டிருந்தோம்.

யாரும் எச்சரிக்காதது ஒன்று உண்டு. குளியலறை வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டதால், சாக்கடை நாற்றமும் கரப்பான்பூச்சிகளும் வீட்டுக்குள் ஏறியிருந்தன. அடுத்த முறை அதில் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, பாலிதீன் தாளால் மூடிவிட்டே கிளம்புவேன்.